அதே பதினொருவர்

ஸ்கொட்லாந்து என்றதும் நம் மலையக மக்களின் நினைவில் எழுவோர் தோட்டத்துத் துரைமாரே. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. வில்கமுவவில் ஆசிரியத்தொழில் புரியும் நான் எண்ணிப்பார்ப்பதோ வேறொரு ஸ்கொட்லாந்துக்காரரை.

ஓவன் கோய்ல் 1966இல் பெய்ஸ்லி என்னும் நெசவு நகரிற் பிறந்தவர். பல கழகங்களில் முன்னணி வீரராக ஆடிப் பின் பயிற்றுநரானார். 2009இல் பர்ன்லி என்ற சிறு ஆலைநகரக் கழகத்தை இங்கிலாந்தின் முதல்தர லீக்கிற்கு உயர்த்தினார். 2019 டிசம்பரில் சென்னையின் எஃப்.சி. அவரை அழைத்தபோது, அது ஆறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றிருந்தது. பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டு இறுதியாட்டம்வரை சென்றார். 2020 மார்ச்சில், கொள்ளைநோயால் பார்வையாளரற்றுக் கிடந்த கோவா மைதானத்தில், 1–3 எனத் தோற்றார்.

இதைத் தோல்வியென்று மட்டும் எழுதி முடிப்பது நியாயமா? துரைமார் ஆட்களை விரட்டி வேலை வாங்கினர். இவரோ, துவண்டு நின்ற அதே ஆட்களை நம்பி நிமிர்த்தினார்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் வெட்டுப்புள்ளி பத்து வயதுப் பிள்ளைகளைத் தரம்பிரிக்கிறது. தேறியோரைப் பெருநகரப் பாடசாலைகள் அள்ளிச்செல்கின்றன. எஞ்சியோரே என் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களும் ஆறு ஆட்டங்களை மட்டுமே ஆடியவர்கள். தொடர் இன்னும் முடியவில்லை.