பிரிட்ஜ் கதவில் மூன்று கலண்டர்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றின் ஆண்டு பெரும்பாலும் மூன்று கலண்டர்களுக்குள் அடங்கிவிடும். முதலாவது, டிசெம்பரில் தமிழ்ப் பலசரக்குக் கடையிலோ வீடு விற்பனை முகவரிடமோ இலவசமாகக் கிடைப்பது. அமாவாசை, பூரணை, கந்தசஷ்டி, திருவெம்பாவை எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்டவணை. மூன்றாவது, வேலைத்தலத்தில் கொடுக்கும் ஷிப்ட் தாள். மூன்றும் சமையலறை பிரிட்ஜ் கதவில் காந்த வில்லைகளால் ஒட்டப்பட்டுப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒரே செவ்வாய்க்கிழமைக்கு ஒன்றில் தைப்பூசம், மற்றதில் கணிதப் பரீட்சை, மூன்றாவதில் பின்னேர ஷிப்ட். குடும்பத்தோடு இருக்க வேண்டிய நேரத்தையும் தனக்கென்று வைத்த இலக்குக்கான நேரத்தையும் இந்தத் தாள்களில் மிஞ்சியிருக்கும் வெற்றுக் கட்டங்களுக்குள் தேடுவதே இங்குள்ள வாழ்க்கையின் பெரிய வேலை.

ஊரில் குடும்ப நேரம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. தோட்டம், கடை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தன. தகப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போனார். பெரியம்மா வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி. அந்த வேலியிலும் போய்வர ஒரு பொட்டு. கோயிலில் கொடியேறினால் ஊரே மச்சம் விலக்கி ஒரே ஒழுங்குக்கு வந்தது. ரொறன்ரோவில் வீடு ஸ்காபரோவில் என்றால் வேலை மார்க்கத்தில், மச்சாள் பிரம்ப்டனில். அவளைப் பார்க்க 401ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் வாகனம் ஓட்ட வேண்டும். டிசெம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே பொழுதுபட்டுவிடும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டும் பழக்கம் முதல் இரண்டு குளிர்காலங்களிலேயே மெல்ல மறைந்துவிடும்.

முதல் தலைமுறையின் இலக்குகள் எல்லாமே குடும்பத்துக்காக வைக்கப்பட்டவை. இலங்கையில் நடந்த 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்த தமிழரின் தொகை கூடியது. 1986 ஓகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்களின் வருகையை இந்தச் சமூகம் இன்றும் நினைவுகூருகிறது. அப்படி வந்தவர்களுக்கு இலக்குகளின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: அகதி வழக்கு வெல்வது, ஏஜென்சிக் கடனை அடைப்பது, தங்கைக்குக் கலியாணம் செய்துவைப்பது, தாய்தகப்பனையும் தம்பியையும் ஸ்பொன்சர் செய்து எடுப்பது, பிறகு ஒரு வீடு. வீடு வந்தவுடன் மோட்கேஜ் வந்தது. மோட்கேஜ் வந்தவுடன் இரண்டாவது வேலை வந்தது. குடும்பத்துக்காக எடுத்த ஒவ்வொரு இலக்கும் குடும்பத்தோடு இருக்கும் மணித்தியாலங்களிலிருந்தே தன் விலையை எடுத்துக்கொண்டது.

இதன் கூர்மையான வடிவம் எதிரெதிர் ஷிப்ட். பிள்ளைக் காப்பகத்துக்குக் கட்டும் காசை மிச்சம் பிடிக்க, கணவன் காலையிலும் மனைவி பின்னேரத்திலும் வேலை செய்வது தொழிற்சாலைகளை நம்பிய குடும்பங்களில் சாதாரணம். மூன்றரை மணிக்குக் கணவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மனைவி சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். சோறு குக்கரில், குழம்பு அடுப்பில், சின்னவனுக்கு மருந்து எட்டு மணிக்கு. இந்த மூன்று தகவல்களும் கார்த் திறப்பும் கை மாறிய பின் அடுத்த எட்டு மணித்தியாலத்துக்கு அவர்களுக்குள் பேச்சில்லை. பிள்ளைகளுக்குத் தாயும் உண்டு, தகப்பனும் உண்டு. இருவரும் ஒரே மேசையில் இருக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஞாயிறும் ஓவர்டைம் கிடைத்தால் போய்விடும். ஒன்ராறியோவில் கிழமைக்கு 44 மணித்தியாலத்தைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் என்பதால் அதை விடவும் மனம் வராது.

சட்டம் தரும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் திட்டமிடலின் தேவை விளங்கும். ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டப்படி ஒரே இடத்தில் ஐந்து ஆண்டு நிறைவுசெய்யாதவருக்கு ஆண்டுக்கு இரண்டு கிழமை லீவு. ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு மூன்று கிழமை. இதைவிட ஒன்பது பொது விடுமுறைகள். கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்யும் புதியவருக்கு ஆக மொத்தம் 19 நாள். லீவு எப்போது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை முதலாளியுடையது. ஓர் ஆண்டில் உழைத்துச் சேர்த்த லீவை அந்த ஆண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் அவர் மீதுள்ள கட்டு. கொழும்புக்குப் போய்வரும் பயணத்துக்கே போகவர ஏறக்குறைய நான்கு நாள் கழியும். அதனால்தான் ஊர்ப் பயணம் பல வீடுகளில் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஒரு லீவு ஆண்டின் கடைசிக் கிழமைகளையும் அடுத்ததன் முதல் கிழமைகளையும் சேர்த்துக் கேட்பவர்கள், அந்தக் கோரிக்கையை ஓராண்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆண்டின் தொடக்கம் கனடியத் தமிழருக்கு இரட்டைத் தொடக்கம். ஜனவரி முதலாம் திகதி எல்லாரையும் போலத் தீர்மானங்கள். இரண்டு கிழமை கழித்துத் தைப்பொங்கல். ஒன்ராறியோ சட்டமன்றம் 2014இலும் கனடிய நாடாளுமன்றத்தின் மக்களவை 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டதால் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் அந்த மாதம் முழுவதும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பொங்கல் வேலைநாளில் வந்தால் விடியமுன் அடுப்பில் ஒரு சின்னப் பானை வைத்து, யன்னலடியில் படைத்து, அரக்கப்பரக்க வேலைக்கு ஓடுவார்கள். உறவினர் கூடும் பொங்கல் அடுத்து வரும் சனிக்கிழமைதான். கோயில் திதியைப் பார்க்கும், வீடு சனிக்கிழமையைப் பார்க்கும் என்ற இந்த ஏற்பாடு தீபாவளி, பிறந்தநாள் வரை நீண்டுவிட்டது. திவசத்தை மட்டும் சனிக்கிழமைக்குத் தள்ள மூத்தவர்கள் இன்னும் சம்மதிப்பதில்லை.

பெப்ரவரியின் மூன்றாவது திங்கட்கிழமை குடும்ப தினம். ஒன்ராறியோவில் இது 2008இல் தொடங்கிய பொது விடுமுறை. அரசே குடும்பத்துக்கென்று ஒரு நாள் ஒதுக்க வேண்டி வந்தது, புதிதாக வந்தவர்களுக்கு முதலில் வேடிக்கையாகத் தெரியும். சில ஆண்டுகளில் அந்த நாளின் அருமை தெரியவரும். மார்ச்சின் இரண்டாவது ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போகும், நவம்பரின் முதல் ஞாயிறு பின்னுக்கு வரும். இலங்கை மணிக்கூட்டை மாற்றுவதில்லை. ஆகவே கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கிருந்து எடுக்கும் வட்ஸ்அப் அழைப்பு யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்குக் கோடையில் பின்னேரம் ஆறரைக்கும், குளிர்காலத்தில் இரவு ஏழரைக்கும் போய்ச் சேரும். அவர் விளக்கு வைக்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் தெரிந்து, அதற்கேற்ப அழைப்பை மாற்றி வைக்கும் வீடுகளில் அந்தத் தொடர்பு அறுவதில்லை. நேரம் கிடைக்கும்போது எடுக்கலாம் என்று விட்ட வீடுகளில் அது செத்தவீட்டுச் செய்திக்கு மட்டும் எடுக்கும் தொலைபேசியாகிவிடும்.

கோடைதான் ஆண்டின் பெரிய சொத்து. ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் செப்டெம்பரின் முதல் திங்களான தொழிலாளர் தினம் கழித்துத்தான் திறக்கும். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். ஆனால் அந்தக் கோடையைச் சமூகம் முதலிலேயே பங்கு போட்டுவிடும். ஊர்ச் சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், கலியாணம், சாமத்தியவீடு, பரதநாட்டிய அரங்கேற்றம், கோயில் தேர் என்று ஒரு சனி ஞாயிறும் மிஞ்சாது. பூங்காவில் நடக்கும் ஒன்றுகூடலில் கொத்துரொட்டி மணக்கும், சாக்கு ஓட்டமும் கயிறிழுப்பும் நடக்கும், முப்பது ஆண்டு காணாத வகுப்புத் தோழன் வந்து தோளில் கை போடுவான். அது வேண்டிய மகிழ்ச்சிதான். ஆனால் மண்டபத்தின் வட்ட மேசையில் நாலு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் தகப்பனும் மகளும் நாலு வசனம் கதைத்திருக்க மாட்டார்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் கோடையில் இரண்டு கிழமை முடிவுகளையாவது எந்த அழைப்பிதழுக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அப்படி வைப்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும். 1893இல் அமைக்கப்பட்ட அல்கொன்குவின் போன்ற மாகாணப் பூங்காக்களில் கூடாரமடிக்கும் இடத்தை ஐந்து மாதம் முன்பே பதியலாம். ஓகஸ்டில் ஏரிக்கரையில் படுக்க விரும்புகிற குடும்பம் மார்ச்சில், வெளியில் ஸ்னோ கிடக்கும்போது, காலை ஏழு மணிக்குக் கணினிக்கு முன் இருக்க வேண்டும். நகரசபையின் நீச்சல் வகுப்புக்குப் பதிவதும் இதே போன்ற காலை ஓட்டப்போட்டிதான். ஊரில் திடீரென்று வெளிக்கிட்டுக் கசூரினா கடற்கரைக்குப் போன பழக்கத்தோடு வந்தவர்களுக்கு, மகிழ்ச்சியை ஐந்து மாதம் முன்பே பதிவது விசித்திரமாகப் படும். பதிந்துவிட்ட நாளில் ஓவர்டைம் வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது என்பதே அந்தப் பதிவின் முதற்பயன்.

செப்டெம்பரில் ஒழுங்கு திரும்பும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, சங்கீதம், மிருதங்கம், கணித ரியூசன் எல்லாம் ஒரே கிழமையில் தொடங்கும். பெற்றாரின் பாதி நேரம் இங்கே சாரதி வேலையாகிறது. இதையும் குடும்ப நேரமாக்கியவர்கள் உண்டு. காரில் பின்னிருக்கையிலிருந்து பிள்ளை முன்னிருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே கதைக்கலாம். மேசையில் சொல்லாததைப் பதின்ம வயதுப் பிள்ளை அங்கே சொல்லிவிடும். உயர்பள்ளி முடிக்க ஒன்ராறியோ மாணவர் ஒவ்வொருவரும் 40 மணித்தியாலம் சமூகப்பணி செய்ய வேண்டும். அதைக் கோயில் அன்னதானத்திலோ உணவு வங்கியிலோ மகனும் தகப்பனும் சேர்ந்து செய்தால், பிள்ளையின் கடமையும் வீட்டின் நேரமும் ஒரே மணித்தியாலத்துக்குள் அடங்கும்.

பணத்தில் அளக்கும் இலக்குகளுக்கு இந்த நாடு திகதி குறித்து வைத்திருக்கிறது. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குக்கு மார்ச் தொடக்கம், வருமானவரிக்கு ஏப்ரல் 30, பிள்ளைகளின் கல்விச் சேமிப்புக்கு டிசெம்பர் 31. கல்விச் சேமிப்பில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2500 டொலர் போட்டால் அரசு 20 விழுக்காடாக 500 டொலர் சேர்க்கும். மொத்தம் 7200 டொலர் வரை. திகதி இருப்பதால் இவை தவறுவது குறைவு. ஆங்கில வகுப்பு முடிப்பது, தாதியர் உரிமம் எடுப்பது, சர்க்கரை வியாதிக்காரர் தினமும் நடப்பது, ஐம்பது வயதில் வீணை பழகுவது போன்றவற்றுக்கு எவரும் கடைசித் திகதி வைப்பதில்லை. அவை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகும். வீட்டில் எல்லாருடைய இலக்கும் நிறைவேறிய பிறகே தன்னுடையதை எடுக்கும் தாய்மாருக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

குழந்தை பிறந்த ஆண்டில் சட்டமே ஒரு வாய்ப்புத் தருகிறது. வேலைக் காப்புறுதியின் வழமையான பெற்றார் கொடுப்பனவு 40 கிழமை. ஒருவர் 35 கிழமைக்கு மேல் எடுக்க முடியாது. மிச்ச ஐந்து கிழமை மற்றவர் எடுத்தால் மட்டுமே கிடைக்கும். சம்பளத்தின் 55 விழுக்காடுதான் கொடுப்பனவு என்பதால் தமிழ்த் தகப்பன்மார் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எடுத்தவர்கள் அந்த ஐந்து கிழமையைப் பற்றிப் பல ஆண்டு கழித்தும் கதைப்பார்கள்.

முதியவர்களின் நிலை நேர்மாறானது. 2011 டிசெம்பரில் அறிமுகமான சூப்பர் விசாவில் வரும் பெற்றார் 2022 ஜூலை முதல் ஒரு வருகையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அவர்கள் வந்தால் வீட்டில் புட்டும் சம்பலும் வேளைக்குக் கிடைக்கும், பிள்ளைகள் தமிழ் கதைக்கும். ஆனால் காலை எட்டு மணிக்குக் கதவு பூட்டினால் பின்னேரம் வரை அவர்களோடு இருப்பது தொலைக்காட்சி மட்டுமே. வீட்டில் நிறைய நேரம் உள்ளவர்கள் அவர்கள், அவர்களோடு செலவழிக்க நேரமில்லாதவர்கள் மற்றவர்கள். அம்மம்மாவோடு இரவு அரை மணித்தியாலம் என்று பேரப்பிள்ளைகளுக்கு முறை வைத்த வீடுகளில் இந்தத் தனிமை கொஞ்சம் தணிகிறது.

டிசெம்பர் கடைசியில் பழைய கலண்டர்கள் பிரிட்ஜ் கதவிலிருந்து இறங்கும். புதியவை வந்தவுடன் சில வீடுகளில் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். ஷிப்ட் தாள் வருமுன், எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்து, பிறந்தநாள்களையும் தாத்தாவின் திவசத்தையும் ஊர்ப் பயணத்தையும் கூடாரமடிக்கும் கிழமையையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டையும் பேனையால் எழுதுவார்கள். தாயின் வகுப்பு நாளும் அதில் ஏறும். அடுத்த கிழமை வரும் ஷிப்ட் தாள், ஏற்கெனவே எழுதிய கட்டங்களைச் சுற்றித்தான் ஒட்டப்படும்.