நிறத்தைச் சுரண்டும் கை

கடலூர் சாலையில் நோணாங்குப்பம் நிறுத்தத்தில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பாறு போட் ஹவுஸுக்குப் போகிறவர்கள். நான் தேடிப் போனது உள்தெருவில் இருக்கும் ஒரு கேமரா மெக்கானிக்கின் வீட்டை. பிலிம் காலத்திலிருந்து பழுது பார்ப்பவர். கடையை மூடிவிட்டு, வீட்டு முன்னறையில் மேசை போட்டிருக்கிறார். பழைய டிஜிட்டல் கேமராக்களை முழுக் கறுப்பு வெள்ளைக் கேமராக்களாக மாற்றுகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அளக்கும். புள்ளிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாகப் பதிக்கும் முறைக்கு, கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்றார். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கேமரா ஊகித்துக்கொள்கிறது. அதில் நுணுக்கம் சற்று மழுங்கும். பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை எடுத்தாலும் மழுங்கியது திரும்பாது. 2012-ல் வந்த லைக்கா எம் மோனோக்ரோமில் இந்த வடிகட்டி கிடையாது. விலையோ பல லட்சம்.

மேசையில் இருந்தது கேனான் 450டி. 2008-ல் வந்த மாடல். மேல்மூடியைக் கழற்றியதும் நான் குனிந்தேன்.

"கைய வச்சிடாதீங்க தம்பி. பேட்டரிய எடுத்துட்டாலும் இதுல கரண்ட் நிக்கும்."

ஃபிளாஷ் கெபாசிட்டரைச் சொல்கிறார். சுமார் 300 வோல்ட் அதில் தேங்கியிருக்கும். ரெசிஸ்டர் கோத்த ஒயரால் அதை வடித்த பிறகே அடுத்த ஸ்க்ரூவைத் தொட்டார்.

சென்சார் வெளியே வந்தது. 22 மில்லிமீட்டர் அகலம். மேல்கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசையைச் சூடுகாட்டி இளக்கி, பிளேடை நுழைத்து மெல்ல நெம்பினார். ஓரத்தில் முடியைவிட மெல்லிய கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று அறுந்தாலும் சென்சார் போச்சு. அவற்றின் மேல் எபாக்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இறுகும்வரை காத்திருந்தார். கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஆகாது என்பதால் அதுவரை சென்சார் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள். மின்விசிறியும் ஓடக்கூடாது, தூசி பறக்கும்.

பிறகு சீவிய மரக்குச்சியால் சுரண்டல். உலோகம் பட்டால் அடியில் இருக்கும் சிலிக்கானில் கீறல் விழும். வேர்வை வழிய, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் கை போகிறது. வடிகட்டிப் படலம் தூளாகி உதிர, அடியில் பளபளப்பான பரப்பு தெரிகிறது. கம்பிகளை ஒட்டிய ஓரத்தை அவர் தொடவில்லை. அந்த ஓரத்துக்கு ஆசைப்பட்டுத்தான் முன்பு சில சென்சார்களை இழந்ததாகச் சொன்னார்.

வடிகட்டியோடு, ஒளியைக் குவித்துத் தரும் நுண்லென்ஸ்களும் போய்விடுகின்றன. அதனால் இருட்டிலும் ஒளியை அள்ளிக் குவிக்கும் என்று சொல்வது மிகை. உண்மையான லாபம் கூர்மையில்தான். இன்னொன்றும் உண்டு: கண்ணாடிகளை எடுத்ததும் அவற்றின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபோகஸ் நகரும். சென்சாரை ஸ்க்ரூ திருகி நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

இயற்பியல் படிக்கும் அவர் மகளுக்கு மறுபாதி வேலை. மாற்றிய பிறகும் கேமரா பழைய பழக்கத்தில் நிறத்தை ஊகிக்கும். மகள் ரா கோப்பை எடுத்து, டேவ் காஃபின் எழுதிய டிசிரா என்ற இலவச மென்பொருளில் ஊகமில்லாமல் திறக்கிறார். வானத்தைப் படமெடுப்பதில்தான் அவருக்கு ஆர்வம். ஓரியன் நெபுலாவின் ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் சிவப்பில் ஒளிர்கிறது. சாதாரண கேமராவில் நான்கில் ஒரு புள்ளிதான் அதைச் சரியாகப் பார்க்கும். அந்தச் சிவப்பிலும் பெரும்பகுதியை முன்னால் இருக்கும் கண்ணாடி தடுத்துவிடும். இங்கே நான்கும் பார்க்கின்றன.

கையிலிருக்கும் ஒரே கேமராவில் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஷட்டர் போன பழைய டிஎஸ்எல்ஆர் பீரோவில் கிடந்தால், காயலான் கடைக்குப் போடாமல் உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கை பழக அவர்களுக்குச் சென்சார்கள் வேண்டும். கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.