ட்ரெய்லர் போட்டாச்சு!

2002-இல் சன் டிவியில் ‘மெட்டி ஒலி’ நாடகம் தொடங்கியபோது எங்கள் கோவில்பட்டித் தெருவில் எல்லா வீட்டிலும் கேபிள் கிடையாது. பெரியம்மா வீட்டு முன்னறையில்தான் கூட்டம் சேரும். பெண்கள் சும்மா வரமாட்டார்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து எடுத்துவந்த அட்டையும் பசைக் கிண்ணமும் மடியில் இருக்கும். கண் டிவியில் கிடக்க, விரல் தன்பாட்டுக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்.

எனக்கு நாடகத்தைவிட அதன் ட்ரெய்லர்மேல்தான் பைத்தியம். பகலில் ஏதோ பழைய படம் ஓடும். சோப்பு விளம்பரத்துக்கும் புடவை விளம்பரத்துக்கும் நடுவே சட்டென்று நாடகத்து மகள்களில் ஒருத்தியான சரோவின் முகம் திரை நிறைய வரும். கண் கலங்கியிருக்கும். மாமியார் வாயெடுப்பாள். கணவன் மாணிக்கம் விருட்டென்று திரும்பிக் கையைத் தூக்குவான். அடிக்கப் போகிறானா, தடுக்கப் போகிறானா என்று தெரிவதற்குள் இடிச்சத்தம். கனத்த குரலொன்று ‘காணத் தவறாதீர்கள்’ என்று முடித்துவிடும்.

“ட்ரெய்லர் போட்டாச்சு!” என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடுவேன். அடுப்படியில் நின்றவர்களுக்கும் குழாயடியில் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கும் நான்தான் நடித்துக் காட்ட வேண்டும்.

“ஏல, அடிச்சிட்டானா?”

“தெரியல மதினி. கையத் தூக்குனான். அதுக்குள்ள முடிஞ்சிட்டு.”

அது போதும் அவர்களுக்கு. அடிக்கமாட்டான், அவனுக்குப் பெண்டாட்டிமேல் பிரியம் உண்டு என்று ஒரு கட்சி. அம்மா பேச்சைத் தட்டாதவன், அடிக்கத்தான் செய்வான் என்று எதிர்க்கட்சி. தன் பெண்களையெல்லாம் கட்டிக்கொடுத்துவிட்ட பெரியம்மா எதிலும் சேரமாட்டார். கடைசியில், “எதுவானாலும் அவ அப்பன் காதுக்குப் போயிரக் கூடாது” என்பார். சரோவோடு ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா சிதம்பரத்தின் கதையே அந்தப் பேச்சுக்குள் இருந்தது. இயக்குநர் திருமுருகன் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்த ட்ரெய்லர்கள் ஏன் அப்படி இழுத்தன என்று இப்போது புரிகிறது. நன்றாகப் பழகிய முகத்தைக் காட்டி, அவர் என்ன செய்வார் என்று தெரியாத நொடியில் நறுக்கிவிடுவார்கள். கேள்வி முழுதாக வரும், பதில் வராது. அந்தப் பதிலுக்காக ஒரு தெரு முழுக்கத் தன் சொந்த அனுபவத்தைக் கிளறிப் பேசியது. ‘மெட்டி ஒலி’க்கும் முன்னால், நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். அதன் குதிரைக் குளம்போசையை மட்டும் கேட்டுவிட்டே ஒரு வாரம் பயந்து கிடந்த பிள்ளைகள் நாங்கள்.

இப்போது ட்ரெய்லருக்குப் புரோமோ என்று பெயர். காலையிலேயே கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஊரில் அத்தை யூடியூபில் புரோமோ மட்டும் பார்த்துவிட்டு நாடகத்தை விட்டுவிடுகிறார். பாதிக் கதை அதிலேயே வந்துவிடுகிறது. மீதிப் பாதியில் ஏமாற்று. புரோமோவில் விழுந்த அறை, நாடகத்தில் யாரோ கண்ட கனவாகப் போய்விடுகிறது. இரண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாவது தடவை எதை நம்பிக் காத்திருப்பார்?

புரோமோ வெட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கனவுக் காட்சியை எடுத்துப் போடாதீர்கள். நாடகத்தில் நிஜமாகவே நடக்கப் போவதைக் காட்டுங்கள், பதிலுக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை எங்கள் பெரியம்மாக்கள் பேசிக்கொள்வார்கள்.