கூரை மின்சாரமும் அதன் கிரயமும்

மார்ச் 10, 2024

ரெடிங் நகரில் எங்கள் வீட்டின் தென்புறக் கூரையில் சோலார் பேனல்களை நாங்களே பொருத்திக்கொள்வதென்று நானும் மகனும் தீர்மானித்தபின், எதற்கெல்லாம் யாருடைய சம்மதம் வேண்டும் என்பதை இன்று சாவகாசமாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இங்கிலாந்தின் நகரமைப்பு விதிப்படி, பேனல் கூரைச் சரிவிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாதிருந்தால், எங்களுடையது போன்ற சாதாரண வீட்டுக்குத் தனி அனுமதி தேவையில்லை. வரி விஷயம் அவ்வளவு அனுகூலமாக இல்லை. 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரையில், ஒரு நிறுவனத்தார் பேனல்களைக் கொண்டுவந்து பொருத்தியும் கொடுப்பார்களாயின் மதிப்புக்கூட்டு வரி கிடையாது. அதே பேனல்களைக் கடையில் வாங்கித் தன் கையாலேயே பொருத்துகிறவன் 20 சதவீதம் செலுத்தியாக வேண்டும். இந்தப் பேதத்துக்குப் போதிய காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

மார்ச் 17

வீட்டில் உண்டாக்கும் மின்சாரத்தைத் தெரு மின்சாரத்தோடு இணைப்பதற்கான ஜி98 என்னும் விதித்தொகுப்பைப் படித்து முடித்தேன். ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர், அதாவது 3.68 கிலோவாட்டுக்கு மேற்படாத இன்வெர்ட்டரை வைக்கிறவன் முன்கூட்டி அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. இயக்கிவைத்த 28 நாட்களுக்குள் மின்விநியோக நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும். அளவு அதைத் தாண்டினால் ஜி99 விதி வரும். முதலில் விண்ணப்பம், பிறகு பரிசீலனை, அனுமதி கிடைத்த பின்னரே இணைப்பு. எங்கள் பேனல்கள் எட்டு, ஒவ்வொன்றும் 430 வாட், இன்வெர்ட்டர் 3.6 கிலோவாட். ஆகவே எல்லைக்குள் அடங்கிவிட்டோம்.

தெருவின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பூமிக்கடியில் புதைந்த கேபிளை ஒரு தொழிலாளி வெட்டித் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில், அத்தெருவிலுள்ள ஏதோ ஒரு கூரையின் பேனல் சூரியப் பிரகாசத்தில் தன்பாட்டுக்கு மின்சாரத்தை உண்டாக்கி அந்தக் கேபிளுக்குள் அனுப்பிக்கொண்டிருக்குமானால், அவனுடைய பிராணனுக்கு யார் உத்தரவாதம் சொல்வது? வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்ற மாத்திரத்தில் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிட வேண்டும் என்பதும், எந்த வீட்டில் எத்தகைய இயந்திரம் இருக்கிறது என்பது விநியோகத்தாரின் ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதும் இதன் நிமித்தம் ஏற்பட்டவையே. விநியோகத்தாருக்கு அனுப்பும் அறிவிப்புப் பத்திரத்தைச் சிரத்தையோடு பூர்த்தி செய்வதை முகம் தெரியாத ஒரு மனிதனுக்கு நாம் செய்யும் கடமையென்றே கருதுகிறேன்.

ஏப்ரல் 7

சாரம் கட்டியாயிற்று. பேனல்களும் அவற்றின் தாங்கிகளும் எங்கள் பொறுப்பு. இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு மின்பெட்டிக்குச் செல்லும் புதிய சர்க்கியூட்டைப் பதிவு பெற்ற மின்பணியாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். புதிய சர்க்கியூட் என்பது, 2005 முதல் நடைமுறையிலுள்ள கட்டட விதியின்படி, நகராட்சிக்கு அறிவிக்கப்பட வேண்டிய வேலை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்த இளைஞர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “அண்ணை, துவங்கிறதுக்கு முதலே என்னைக் கூப்பிட்டியள், அது நல்லம். முடிச்சுப்போட்டு வந்து கையெழுத்து மட்டும் போடு எண்டால் நான் மாட்டன்,” என்றார். மின்பெட்டியிலிருந்த பாதுகாப்பு பிரேக்கரையும், இனி மின்னோட்டம் இரு திசைகளிலும் செல்லுமாதலால், அதற்கேற்றதாக மாற்ற வேண்டுமென்று வற்புறுத்தினார். இத்தகைய மனிதர் கையொப்பமிட்ட சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

ஏப்ரல் 27

இன்று இயக்கிவைத்தோம். மெயின் சுவிட்சை அணைத்ததும் இன்வெர்ட்டர் நின்றது. மறுபடி போட்டபோது உடனே எழாமல், விதி கூறும் 20 விநாடிக்குக் குறையாமல் மின்சாரத்தின் நிலையைக் கவனித்திருந்து, பின்னரே இணைந்தது. இன்வெர்ட்டரின் அங்கீகாரப் பதிவெண், மீட்டர் இணைப்பின் 13 இலக்க எண், சர்க்கியூட்டின் வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்து அறிவிப்புப் பத்திரத்தை இரவே அனுப்பினேன்.

மே 18

விநியோகத்தாரின் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. எங்கள் கைவேலையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நாங்கள் மின்சாரம் வாங்கும் நிறுவனம், வெளியே செல்லும் யூனிட்டுகளுக்குக் கிரயம் கொடுக்க மறுத்துவிட்டது. சிறு மின்னுற்பத்தி அமைப்புகளின் தரத்துக்கு அத்தாட்சியான எம்.சி.எஸ். சான்றிதழோ அதற்கு நிகரானதோ வேண்டுமாம். அச்சான்றிதழைப் பதிவு பெற்ற நிறுவனத்தார் தாமே வடிவமைத்துத் தாமே பொருத்திய வேலைக்குத்தான் வழங்குவார்கள். பிறர் பொருத்தியதைப் பின்னால் வந்து பார்த்துக் கொடுப்பதில்லை.

இந்நிபந்தனையின் பூர்வோத்தரத்தைச் சிந்திக்க வேண்டும். 2010 ஏப்ரலில் ‘ஃபீட்-இன் டாரிஃப்’ திட்டம் தொடங்கியபோது, ஏற்கெனவே உள்ள வீட்டில் பொருத்திய சிறு அமைப்புக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 41.3 பென்ஸ் கொடுத்தார்கள். வெளியே சென்றதை அளக்கும் மீட்டர் இல்லாத வீடுகளில் உற்பத்தியில் பாதி சென்றதாகவே கொண்டு அதற்கும் தனியே பணம் தந்தார்கள். அந்தச் சுமை நாட்டின் சகல மின் நுகர்வோர் மீதும் பரவியது. ஊரார் பணத்தை இருபது, இருபத்தைந்து வருஷங்களுக்கு ஒருவனுக்குக் கொடுப்பதென்றால், அவன் வீட்டு வேலையின் தரத்துக்கு ஒரு ஸ்தாபனத்தின் அத்தாட்சி கேட்பது முற்றிலும் நியாயம். அத்திட்டம் 2019 மார்ச் இறுதியில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அடுத்த திட்டமான ‘ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கியாரண்டி’ 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் பிறந்தது; இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் புதிதாகப் பேனல் வைத்தவர்களின் மிகுதி மின்சாரத்துக்கு விலை கொடுக்கும் கடமை எவருக்குமே இல்லை. புதிய திட்டத்தில் மானியம் என்பது கிடையாது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத வீட்டு வாடிக்கையாளர்களையுடைய நிறுவனங்கள் ஏதேனும் ஒரு விலை தர வேண்டும், அது பூஜ்யத்துக்கு மேலிருக்க வேண்டும், அவ்வளவுதான். மானியம் போய்விட்டது, மானியத்துக்காக ஏற்பட்ட நிபந்தனை போகவில்லை.

ஜெர்மனியில் இம்மாதம் 16ஆம் தேதி முதல், 800 வாட் வரையிலான சிறு அமைப்பை வீட்டுக்காரரே மாடி முகப்பில் மாட்டிக்கொண்டு, அரசாங்கப் பதிவேட்டில் தாமே சுருக்கமாகப் பதிந்துவிட்டால் போதும் என்று சட்டமாகியிருக்கிறது. மகன் அதைக் காட்டினான்.

ஜூன் 22

நெடும்பகல். நேற்று எங்கள் கூரை 20 யூனிட்டுக்கு மேல் விளைத்தது. பாதிக்கும் குறைவாகவே வீட்டில் செலவாயிற்று. மீதி தெருவுக்குப் போயிற்று. நம்மூர்ப் பால் சொசைட்டியில் பாலை அளந்து தரம் பார்த்துப் பணம் கொடுப்பார்களேயன்றி, மாட்டுக் கொட்டகையைக் கட்டியவன் யார் என்று கேட்பதில்லை. இங்கோ, அரைமணிக்கொரு முறை கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் சரியாகவே அளந்துகொண்டிருக்கிறது. அம்மின்சாரம் பக்கத்து வீட்டில் 20 பென்ஸுக்கு மேற்பட்ட விலைக்கு விற்பனையாகிறது. அதை உண்டாக்கியவனுக்கு மாத்திரம் ஒன்றுமில்லை. பாதுகாப்பு குறித்த ஐயம் எவருக்கேனும் இருக்குமாயின், இணைக்கவே அனுமதித்திருக்கக் கூடாது. இணைப்புக்குப் பிரமாணமாக ஏற்ற பத்திரங்களையே கிரயத்துக்கும் ஏற்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இதை எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற வேட்பாளர்கள் யாவருக்கும், தேர்தலுக்கு முன்பே, எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 13

சட்டம் விதிப்பது குறைந்தபட்சமே. அதற்கு மேல் சலுகை காட்ட விரும்பும் நிறுவனத்தை அது தடுப்பதில்லை. வேறொரு நிறுவனம், மின்பணியாளரின் சான்றிதழ், நகராட்சியின் பூர்த்திப் பத்திரம், விநியோகத்தாரின் கடிதம், கூரையின் புகைப்படங்கள் ஆகியவற்றைப் பரிசீலித்து எங்களை ஏற்பதாக எழுதியிருக்கிறது.

ஆகஸ்டு 24

ஏற்றுமதிக்கென்று தனியே ஒரு 13 இலக்க எண் கிடைத்தது. இதுவும் எங்கள் பிராந்தியத்தின் குறியான 20 என்றே தொடங்குகிறது. அந்த எண் பதிவான நாளிலிருந்துதான் கணக்கு. வசந்தத்திலும் கோடையிலும் போனது போனதே. தன் வீட்டு உபயோகத்தை உத்தேசித்து அமைத்ததில் மிகுந்து விற்கும் மின்சாரத்துக்கு வருமான வரி இல்லை என்பதையும் விசாரித்து அறிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு முதியவர் தாமும் வைக்கப்போவதாகச் சொல்லிக் காகிதங்களைக் கேட்டு வந்தார். பேனல் வாங்குமுன்பே, எந்த நிறுவனம் எம்.சி.எஸ். இல்லாமல் ஏற்கும் என்று எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளும்படியும், மின்பணியாளரை முதல் நாளே அழைக்கும்படியும், ஸ்மார்ட் மீட்டரின் அரைமணிக் கணக்குக்கு இப்போதே சம்மதம் கொடுத்துவிடும்படியும் சொல்லி, எங்கள் அறிவிப்புப் பத்திரத்தின் பிரதியொன்றைக் கொடுத்தனுப்பினேன்.