வீட்டில் ஒரு வழங்கி

வேண்டுவோர்க்கு வேண்டுவதைக் கொடுப்பவரை வள்ளல் என்று போற்றுவது தமிழர் மரபு. கோடைக்காலத்தில் வழிப்போக்கர்க்காகத் திண்ணையில் தண்ணீர்ப்பானை வைப்பவரும் அம்மரபினரே. இந்நாளில் அப்பானையைப் போலவே ஒரு கருவி, கேட்போர்க்குக் கேட்டதைக் கொடுக்கும் பணியை இரவும் பகலும் செய்துவருகிறது. கணினித் துறையில் அதற்கு வழங்கும் தமிழ்ப் பெயர் 'வழங்கி' என்பதாகும். நூலையோ படத்தையோ பாடலையோ ஒரு கணினி தன்னிடம் வைத்துக்கொண்டு, வேறொரு கணினி கேட்குந்தோறும் எடுத்து அனுப்புமாயின், அதுவே வழங்கி.

வழங்கி என்றதும் குளிரூட்டிய பெருங்கூடங்களும், அவற்றில் வரிசை வரிசையாக நிற்கும் பொறிகளுமே பலர் நினைவுக்கு வரும். ஆயினும், சிறிய வழங்கி ஒன்றைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணுவோரும் உலகெங்கும் உளர். அவர்கட்கு அது தொழிலன்று. விரும்பி மேற்கொண்ட பொழுதுபோக்கு. அலுவலகங்கள் பழையன என்று கழித்த கணினிகளையும் வலையமைப்புக் கருவிகளையும் சென்னை ரிச்சித் தெரு போன்ற கடைத்தெருக்களில் அவர்கள் தேடி வாங்குவர். தூசு துடைத்துப் பழுது நீக்கி மீண்டும் இயங்கச் செய்வர். அவற்றை இயக்குதற்குரிய மென்பொருளுக்கும் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்கமுறைமையை எழுதிவருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அது, இன்று பெருநிறுவனங்களின் வழங்கிகளிலும் இயங்குகிறது. மூலையில் கிடந்த பழைய கணினியிலும் இயங்குகிறது. எவரும் அதனை விலையின்றிப் பெறலாம்.

பழைய கருவிகள் கற்பிக்கும் பாடத்தைப் புதியவை எளிதில் கற்பிப்பதில்லை. பல கணினிகளை இணைக்க முற்காலத்தில் 'ஹப்' என்னும் கருவி பயன்பட்டது. அது தண்டோரா போடுபவரை ஒத்தது; ஒருவர்க்குரிய செய்தியையும் தெருவில் உள்ளோர் அனைவர்க்கும் கேட்குமாறு அனுப்பிவிடும். அதற்குப் பின் பரவிய 'சுவிட்ச்' அஞ்சற்காரரை ஒத்தது. எந்தக் கணினி எந்த வாயிலில் உள்ளது என்பதை அறிந்துகொண்டு, செய்தியை உரிய இடத்தில் மட்டும் சேர்க்கும். இரண்டையும் அருகருகே வைத்து இயக்கிப் பார்க்கும் மாணவன், செய்திகள் செல்லும் வழியைக் கண்ணாரக் காண்கிறான். நூலில் படித்தது நெஞ்சில் நிலைபெறுகிறது.

"பெரிய நிறுவனங்கள் இருக்க, வீட்டில் ஒரு வழங்கி எதற்கு?" என்று சிலர் வினவுவர். உலகளாவிய வலையே ஒரு மேசைக் கணினியில்தான் பிறந்தது. 1990 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் கணினியையே முதல் வலை வழங்கியாக ஆக்கினார். அறியாதார் எவரேனும் அதனை நிறுத்திவிடக்கூடும் அன்றோ? ஆதலின், 'இஃது ஒரு வழங்கி; அணைத்துவிடாதீர்' என்னும் பொருள்படச் சிவப்பு மையால் எழுதி, அக்கணினியின்மேல் ஒட்டி வைத்தார்.

பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைத்தவை யாவும் என்றும் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 1994 ஆம் ஆண்டில் தோன்றிய ஜியோசிட்டிஸ் என்னும் தளத்தில் எளிய மக்கள் தம் பக்கங்களை விலையின்றி அமைத்துக்கொண்டனர். தமிழர் எழுதிய பக்கங்களும் அவற்றுள் இருந்தன. பின்னர் அதனை வாங்கிய யாகூ நிறுவனம், 2009 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அதனை மூடியது. மூடுமுன் தன்னார்வலர் சிலர், இயன்றவரை அப்பக்கங்களைப் படியெடுத்துத் தம் கணினிகளில் சேர்த்தனர். மறு ஆண்டில் அத்தொகுப்பை அனைவர்க்கும் வெளியிட்டனர். அவர்கள் காத்தவை எஞ்சின. எவரும் படியெடுக்காதவை மறைந்தன.

அரியவற்றைத் தம் வீட்டிலே காத்துப் பிறர்க்கு வழங்கும் இவ்வியல்பு கணினிக்கு மட்டும் உரியதன்று. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகம் இதற்குத் தக்க சான்று. ஆசிரியப் பணி புரிந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர்தம் துணைவியார் டோரதியும், பழந்தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளையும் இதழ்களையும் தம் சொந்தப் பொருளால் தேடித்தேடிச் சேர்த்தனர். வேறெங்கும் எளிதிற் கிடைக்காத நூலை நாடி ஆய்வாளர் பலர் அவ்வில்லம் வந்து பயன்பெற்றனர். அதுவும் ஒரு வழங்கியே அன்றோ?

அம்மாவட்டத்துக் குடுமியான்மலையில் பாறையிலே வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலவுகிறது. கணினியின் வன்தட்டுக்கோ அத்தகைய ஆயுள் இல்லை. சில ஆண்டுகளிலேயே அது பழுதுபடலாம். ஓலைச்சுவடியைச் செல் அரிக்குமுன் புதிய ஓலையில் எழுதிவைத்தமையாலேயே பழைய நூல்கள் நம்மிடம் வந்துசேர்ந்தன. அவ்வாறே வழங்கியைப் பேணுவோரும் ஒரு படியோடு அமையாது, வேறொரு தட்டில் மற்றொரு படியும், வேற்றூரில் இன்னொரு படியும் வைத்தல் வேண்டும்.

வேற்றூரில் ஏன்? 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன் கரையைக் கடந்த கஜா புயலைப் புதுக்கோட்டை மாவட்டத்தார் மறவார். தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. சிற்றூர்கள் பல, நாள்கணக்கில் இருளில் மூழ்கின. அத்தகைய நாளில் ஓர் இல்லத்தில் மட்டும் இருக்கும் செல்வம் அவ்வில்லத்தோடு அழியக்கூடும். ஆயினும், மின்கலமும் சிறு கணினியும் பிழைத்திருப்பின், வெளியுலகத் தொடர்பு அற்ற பொழுதும் அவ்வீட்டு வழங்கி அண்டை வீட்டாருக்கு நூலை வழங்கிக்கொண்டிருக்கும். 5 வாட் ஆற்றலில் இயங்கும் சிறு கணினி, 30 நாள் ஓயாது உழைத்தாலும் 4 யூனிட்டுக்கும் குறைந்த மின்சாரமே கொள்ளும். 50 வாட் கொள்ளும் பழைய கணினிக்கோ 36 யூனிட் வேண்டும். எதனை வைத்துக்கொள்வது, எதனை அணைத்துவைப்பது என்று கணக்கிட்டுத் துணிதலும் இப்பொழுதுபோக்கின் ஒரு பகுதியே.

தண்ணீர்ப்பானை வைப்பவர், வைத்ததோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணுவதில்லை. நாள்தோறும் பானையைக் கழுவுகிறார், புதுநீர் நிரப்புகிறார், தூசு விழாமல் மூடிவைக்கிறார். வழங்கியைப் பேணுவோர்க்கும் அத்தகைய கடமைகள் உண்டு. மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும்; கடவுச்சொல்லைக் காத்தல் வேண்டும்; எடுத்த படி பிழையின்றி உள்ளதா என்று திறந்து பார்த்தல் வேண்டும். இவற்றை எவரும் பாராட்டுவதில்லை. பலர் அறிவதும் இல்லை. ஆயினும், என்றோ ஒருநாள் ஒருவர் வந்து, எங்கும் கிடைக்காத ஒரு நூலைக் கேட்பார். அன்று அதனை எடுத்துக் கொடுக்க இயலுமாயின், அத்தனை ஆண்டு உழைப்பும் பயன் பெற்றதாகும்.