திருவிழாக் கடையில் கற்ற பாடம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறக்கும் காற்றில் காகிதம் விற்கத் துணிந்தவள் நான்.

தூத்துக்குடியில் தூய பனிமய அன்னையின் திருவிழா ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி, ஆகஸ்ட் 5ஆம் நாள் பெருவிழாவுடன் நிறைவெய்துகிறது. அந்தப் பதினொரு நாள்களும் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கால் வைக்க இடம் இராது. வளையல் கடை, பொம்மைக் கடை, பாத்திரக் கடை, மிட்டாய்க் கடை என்று வரிசையாக நீளும் கடைகளுக்கு நடுவே, ஒரு பழைய மரப்பலகையின் மீது என் கையால் செய்த வாழ்த்து மடல்களைப் பரப்பி, காற்றில் பறந்துவிடாதபடி ஒவ்வொன்றின் மீதும் ஒரு சிப்பியைப் பாரமாக வைத்து அமர்ந்திருப்பேன். 1986ஆம் ஆண்டு தொடங்கிய பழக்கம் இது. அந்தத் தெருவோரத்தில் நான் கற்ற பாடத்தை அன்பு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

என் கணவர் உப்பளத் தொழிலாளி. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்து, பாத்திகளைச் செப்பனிட்டு, மீண்டும் உப்பு விளையும் வரை வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அந்த வறட்சியான மாதங்களில்தான் கிறிஸ்து பிறப்பு விழாவும் பொங்கலும் வருகின்றன. பங்கின் தையல் வகுப்பில் எங்களுக்குக் கற்பித்த அருட்சகோதரி ஒருவர், "உனக்குக் கை நேர்த்தி இருக்கிறது, பனையோலையில் வாழ்த்து மடல் செய்து பார், மழைக்காலச் செலவுக்கு உதவும்" என்றார். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, மெல்லிய நாடாக்களாகக் கிழித்து, கொதிக்கும் சாய நீரில் தோய்த்தெடுத்து, விண்மீனாகவும் குடிலாகவும் பொங்கற் பானையாகவும் பின்னி, தடித்த அட்டையின் மீது ஒட்டுவேன். மடல் என்னும் சொல்லே பனையின் உறுப்பைக் குறிப்பதுதானே! பனை மடல் மீண்டும் வாழ்த்து மடலானது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கூட்டம் கூடுவது ஆடியில். மடல் தேவைப்படுவது மார்கழியில். திருவிழாவில் வாங்குபவர் அழகைக் கண்டு ஒன்றிரண்டு வாங்கிச் செல்வார். என் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமானால், அவர் நான்கு மாதங்கள் கழித்தும் என்னை நினைவில் வைத்து, "இருபது மடல் வேண்டும்" என்று சொல்லியனுப்ப வேண்டும். ஆகவே மடலை விற்பதைக் காட்டிலும் மனிதர்களைச் சம்பாதிப்பதே என் தொழில் என்று ஆயிற்று. இதை நான் உடனே உணர்ந்துகொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

முதல் ஆண்டில் ஏறத்தாழத் தொண்ணூறு மடல்கள் விற்றுத் தீர்ந்தன. வியாபாரத்தில் கெட்டிக்காரி ஆகிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன். மறு ஆண்டு திருவிழாவின் இரண்டாம் நாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் கடை முன் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு மடலை எடுத்து நீட்டினார். நான் செய்த மடல்தான். பசை இருந்த இடமெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்து, விண்மீன் பாதி உதிர்ந்து கிடந்தது. அண்டைக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கோ அவமானத்தால் முகம் சிவந்தது. "என் கடையில் வாங்கியதில்லை" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இறைவன் அந்தப் பொய்யை என் நாவுக்கு வரவிடவில்லை.

"ஐயா, என் தவறுதான். வேறு இரண்டு மடல் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "அம்மா, உன்னைக் குறை சொல்ல வரவில்லை. மைதாப் பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் சேர்க்க வேண்டும். புத்தகம் கட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பூச்சி நெருங்காது. ஆனால் துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்" என்று சொல்லி, ஒரு மடலுக்கு உரிய காசையும் வற்புறுத்திக் கொடுத்துச் சென்றார். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முப்பது மடல் வேண்டுமென்று சொல்லியனுப்பிய முதல் வாடிக்கையாளர் அவரே. குறை சொல்ல வருகிறவர் பகைவர் அல்லர். ஓராண்டு அந்த மடலைப் பத்திரப்படுத்தி, கூட்டத்தில் என் கடையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாரே, அவரைவிட என் தொழிலில் அக்கறை கொண்டவர் யார்?

அதன் பிறகே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். மடல் வாங்கியவர் விருப்பத்தோடு சொன்னால் பெயரும் ஊரும் முகவரியும் குறித்துக்கொள்வேன். யாருக்காக வாங்கினார், என்ன எழுதச் சொன்னார் என்பதையும் எழுதி வைப்பேன். மடலின் பின்புறம் என் முகவரியைச் சிறிய எழுத்தில் எழுதுவேன். உள்ளே வாசகம் எதையும் முன்கூட்டியே எழுதுவதில்லை; கேட்டுத்தான் எழுதுவேன். எழுத்தறியாத ஒரு மூதாட்டி, பம்பாயில் வேலை பார்த்த மகனுக்கு ஒரு மடல் வாங்கினார். "என்ன எழுத வேண்டும், ஆச்சி?" என்றேன். சிறிது யோசித்து, "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு" என்றார். அப்படியே எழுதினேன். அதைவிடச் சிறந்த வாழ்த்து எந்த அச்சிட்ட அட்டையில் கிடைக்கும்? காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் நோன்புப் பெருநாளுக்காக உருவம் எதுவும் இல்லாத மடல் கேட்டார். வெறும் ஓலைப் பின்னலில் ஒன்று செய்து கொடுத்தேன். நோட்டு நிறைந்தது, மழைக்காலத்தில் அடுப்பும் எரிந்தது.

நோட்டு இருக்கிறது என்ற செருக்கும் கூடவே வளர்ந்தது. ஓராண்டு இடைவெளிக்குப் பின் வருகிறவரை, அவர் வாய் திறக்குமுன் நானே பெயர் சொல்லி அழைத்து, "சென்ற ஆண்டு உங்கள் தங்கைக்கு மயில் போட்ட மடல் வாங்கினீர்களே" என்பேன். அவர்கள் வியந்து மகிழ்வதைக் கண்டு எனக்குப் பெருமை தாங்காது.

1994ஆம் ஆண்டு அந்தப் பெருமை அடியோடு சாய்ந்தது. புன்னைக்காயலிலிருந்து ஓர் அம்மையார் தவறாமல் வருவார். கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்கு ஆண்டுதோறும் ஒரு மடல் வாங்குவார். அந்த ஆண்டு அவருக்கென்றே ஓலையில் நங்கூரம் பின்னி வைத்திருந்தேன். தெருக்கோடியில் அவரைக் கண்டதும் மடலை உயர்த்திப் பிடித்து, "அம்மா! கப்பல்காரத் தம்பிக்கு நங்கூரம் தயார்!" என்று உரக்கக் கூவினேன்.

அவர் நின்றார். அருகில் வந்து மடலைக் கையில் வாங்கி, நங்கூரத்தை விரலால் மெல்லத் தடவினார். "அவன் போய்விட்டானம்மா. ஐந்து மாதம் ஆகிறது" என்றார். மடலைப் பலகை மீது வைத்து, பறந்துவிடாதபடி சிப்பியை எடுத்து அதன் மீது வைத்துவிட்டு, கூட்டத்தில் நடந்து மறைந்தார். அவர் பின்னே ஓடக்கூட என் கால்கள் எழவில்லை. தன் துயரத்திலும் என் மடல் பறந்துவிடக் கூடாதே என்று எண்ணிய அந்தத் தாயின் கையை நினைத்து அன்றிரவு முழுவதும் அழுதேன்.

மறு ஆண்டு அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் வந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டேன். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு அவராகவே, "ஒரு மடல் கொடு. அவன் பிள்ளைக்கு அனுப்ப வேண்டும். தாயோடு அவள் ஊரில் இருக்கிறான், நாலு வயது" என்றார். "என்ன படம் போடட்டும், அம்மா?" என்று மட்டும் கேட்டேன். "மீன் போடு" என்றார்.

அன்று முதல் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் பேசும் வரை என் நோட்டு திறவாது. நினைவில் வைத்திருப்பது அன்பு. நினைவில் வைத்திருப்பதைப் பறைசாற்றுவது வியாபாரம். ஓராண்டு என்பது நீண்ட காலம். அதற்குள் ஒரு வீட்டில் பிறப்பும் இறப்பும் பிணக்கும் பிரிவும் நேர்ந்திருக்கலாம். ஆகவே முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கேட்க வேண்டும். அதன் பின்னரே சொல்ல வேண்டும்.

வாழ்த்து அட்டை பிறந்த கதையைப் பிற்காலத்தில் படித்தபோது வியப்படைந்தேன். 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே மறுமொழி எழுத நேரமின்றி, ஓவியர் ஒருவரைக் கொண்டு படம் வரையச் செய்து ஆயிரம் அட்டைகள் அச்சிட்டாராம். எஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டனவாம். ஆக, கடிதம் எழுதும் வேலையை மிச்சப்படுத்தவே அந்த அட்டை தோன்றியது. என்னிடம் வருகிறவர்களோ, ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு வரி எழுதுவதற்காகக் கால் மணி நேரம் வெயிலில் நிற்கிறார்கள்!

காலம் மாறியது. கைபேசி வந்தது, வாழ்த்துகள் காசில்லாமல் நொடியில் கடல் கடந்தன. அஞ்சலகத்தில் விழாக் காலங்களில் மலைபோல் குவிந்த அட்டைகள் குறைந்தன. என் விற்பனையும் பாதிக்கும் கீழே இறங்கியது. மகள், "இனி விட்டுவிடுங்களேன், அம்மா" என்றாள். எனினும் பழைய முகங்கள் ஆண்டுதோறும் கடை முன் வந்து நின்றன. வாங்காவிட்டாலும் முக்காலியில் அமர்ந்து பேசிச் சென்றன. அதனால் விட மனம் வரவில்லை.

2020ஆம் ஆண்டு வந்தது. கொரோனாக் கொள்ளைநோயின் காரணமாகத் திருவிழா பொதுமக்கள் பங்கேற்பின்றி நடைபெற்றது. ஆடிக் காற்று மட்டும் வெறுமையான தெருக்களில் வீசியது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாகக் கடை போடாமல் வீட்டில் அமர்ந்திருந்தபோது, நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ என்ற கவலை நெஞ்சை அடைத்தது. இத்தனை ஆண்டுகள் பிறருக்கு அனுப்புவதற்காக என்னிடம் மடல் வாங்கியவர்களுக்கு, நான் ஒரு மடலேனும் அனுப்பியதுண்டா? ஐம்பத்திரண்டு முகவரிகளைத் தேர்ந்தேன். ஐந்து ரூபாய் அஞ்சல் தலை ஒட்டி, "நலமாக இருக்கிறீர்களா?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். விலை இல்லை, வேண்டுகோளும் இல்லை.

ஒன்பது உறைகள் உரியவர் இல்லையென்று திரும்பி வந்தன. பதினேழு பேர் மறுமொழி எழுதினார்கள். அவற்றுள் ஒன்று புன்னைக்காயல் முகவரியிலிருந்து வந்தது. எழுத்து இளைஞன் ஒருவனுடையது.

"அத்தை, ஆச்சி நலமாக இருக்கிறார்கள். கண் தெரியவில்லை. உங்கள் மடலைக் கையால் தடவிப் பார்த்தே யார் அனுப்பியது என்று சொல்லிவிட்டார்கள். சிறு வயதில் நீங்கள் செய்த மீன் மடல் இன்னும் என்னிடம் இருக்கிறது, பூச்சி அரிக்கவில்லை. நானும் இப்போது கப்பலில்தான் வேலை பார்க்கிறேன். ஊரடங்கு முடிந்து கப்பலுக்குத் திரும்பியதும் ஆச்சிக்கு அனுப்ப மடல் ஒன்று வேண்டும். விரலால் தடவினால் தெரியும்படி நங்கூரம் பின்னித் தர முடியுமா?"

இருபத்தாறு ஆண்டுகளாக என் பெட்டியின் அடியில் கிடந்தது அந்தப் பழைய நங்கூர மடல். அதை விற்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. ஆனாலும் அதை நான் அவனுக்கு அனுப்பவில்லை. அது அவன் தந்தைக்காகச் செய்தது. அவனுக்கென்று புதிதாக, புடைத்து நிற்கும்படி தடித்த ஓலையில் வேறொரு நங்கூரம் பின்னி அனுப்பினேன்.

வாடிக்கை என்றால் மீண்டும் மீண்டும் வாங்குவது என்று முன்பு நினைத்திருந்தேன். மீண்டும் மீண்டும் வந்து நலம் விசாரிப்பதே வாடிக்கை என்று இப்போது அறிகிறேன். வரும் ஆடியிலும் காற்று வீசும். இறைவன் அருளால் நானும் சிப்பிகளோடு என் பலகையில் அமர்ந்திருப்பேன். அவ்வழியே வந்தால், வாங்காவிட்டாலும் சற்று அமர்ந்து செல்லுங்கள். முக்காலி காலியாகத்தான் இருக்கும்.