இடது காலின் தடம்

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றாவது வளைவில் என் 2004ஆம் வருடத்து மாருதி 800 திணற ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. அடுத்த வளைவுக்குள் கருகல் வாடை வந்துவிட்டது. அப்படியே திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

சேலம் கோரிமேட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை. தகரக் கூரை, கறுத்த மண்தரை, பழைய டயர் மேல் பலகை போட்ட இருக்கை. மேஸ்திரிக்கு அறுபதை நெருங்கும் வயது. உதவிக்கு ஒரு பையன்.

"கொஞ்சம் உக்காருங்க சார். முன்னாடி ஒரு வண்டி நிக்குது."

அதுவும் 800தான். அதற்கும் கிளட்ச் ஸ்லிப். வேறெங்கோ "செட்டையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். வண்டிக்காரர் சோர்ந்து போயிருந்தார். மேஸ்திரி கதவைத் திறந்து குனிந்து, கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கினார்.

"கால்ல அமுக்கினா என்னண்ணே?"

"காலுக்கு இது தெரியாது சார். கைக்குத்தான் தெரியும்."

அவர் தேடியது 'பிளே'. பெடல் கொஞ்ச தூரம் சும்மா இறங்கி, அதன் பிறகே கனக்க வேண்டும். அந்த வண்டியில் தொட்டதுமே கனத்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிளேட் தேய்ந்தால் கேபிள் தொளதொளக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது. அதன் பின்புறமுள்ள ஸ்பிரிங் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. இடைவெளி போய்க் கேபிள் தானாக இறுகுகிறது. அவ்வப்போது தளர்த்தி வைக்காவிட்டால், யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதிபட்டே இருக்கும். பிளேட்டில் உயிர் இருந்தாலும் வழுக்கும்.

கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையிலுள்ள நட்டைச் சில சுற்றுத் தளர்த்தினார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டீக்காசுதான் வாங்கினார்.

அடுத்து என் வண்டி. எனக்கும் அந்த நட்டோடு போய்விடும் என்ற நப்பாசை. பெடலில் பிளே சரியாக இருந்தது.

"இழுவை இல்லாதப்போ சத்தம் ஏறுச்சா, சத்தமும் சேந்து அமுங்குச்சா?" அமுங்கினால் இன்ஜின் கோளாறு, ஏறினால் கிளட்ச். சாலைக்கு எடுத்துப் போய், மூன்றாவது கியரில் சீராக ஓட்டி, சட்டென்று முழுக்க மிதித்தார். என் வண்டியில் சுற்று காட்டும் முள் கிடையாது. அவருக்கு அது தேவையும் இல்லை. வேகமுள் நின்ற இடத்திலேயே நிற்க, சத்தம் மட்டும் தனியாக ஓடியது.

பட்டறைக்குத் திரும்பியதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நான்காவது கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துக் கிளட்சை விட்டார். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் ஒரே உதறலில் அணைய வேண்டும். என்னுடையது ஓடிக்கொண்டே இருந்தது. உடனே சாவியைத் திருப்பி அணைத்தார். "இதை ஒரு தடவைதான் பண்ணணும். திரும்பத் திரும்பப் பண்ணா இருக்கறதும் தீஞ்சிடும்."

அப்போதும் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டிக்கடியில் படுத்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தின் அடிப்பகுதியை விரலால் வழித்து முகர்ந்தார். சீல் போய் எண்ணெய் இறங்கினாலும் பிளேட் வழுக்கும். மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி வந்தால் கியர் ஆயில். இல்லையென்றால் இன்ஜின் ஆயில். விரலில் காய்ந்த புழுதிதான் இருந்தது.

"இனி இறக்கிப் பாத்துடலாம்."

பாட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு ஆக்சில் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. இன்ஜின் சாயாமலிருக்க மேலே மரச்சட்டம் வைத்துச் சங்கிலியில் கட்டினார்கள். பையன் மல்லாந்து படுத்து, ஜாக்கியோடு தன் முழங்கால்களையும் முட்டுக் கொடுத்துக் கியர்பாக்ஸை இறக்கினான். உள்ளே கறுப்புத் தூள். அவன் ஏர் பைப்பை எடுக்கப் போனதும் மேஸ்திரி அதட்டினார்: "ஊதாதடா! ஈரத்துணில தொடை." பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. ஊதினால் அந்தத் தூள் நேராக நெஞ்சுக்குள்தான் போகும்.

பிளேட்டை என் கையில் கொடுத்தார். புதிதில் ரிவிட் தலைகள் லைனிங்குக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பதிந்திருக்கும். அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலே மாற்றியாக வேண்டும். என் பிளேட்டில் ரிவிட்டும் லைனிங்கும் ஒரே மட்டம்.

"கிளட்ச் மேலயே கால வச்சிட்டு ஓட்டுவீங்களா சார்?"

இல்லை என்றேன். அவர் வாதாடவில்லை. பிரஷர் பிளேட்டைத் திருப்பி, ஸ்பிரிங் விரல்களின் நுனியைக் காட்டினார். பேரிங் விடாமல் உரசி, கண்ணாடிபோல் மின்னும் பள்ளம் விழுந்திருந்தது. பிறகு ஃப்ளைவீலில் நீலம் பாரித்த திட்டுகளைத் தொட்டார். "இது மேட்டுல பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்ல நிறுத்துன சூடு. அந்தப் பள்ளம் கால் வச்ச பழக்கம்."

ஐந்து ரோடு சிக்னலில் தினமும் நான் எப்படி நிற்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்தேன்.

ஃப்ளைவீல் லேத்துக்குப் போய்த் திரும்பியது. புதுப் பிளேட்டை நடுவில் நிறுத்த, ஏதோ பழைய கியர்பாக்ஸிலிருந்து கழற்றி வைத்திருந்த ஷாஃப்ட் ஒன்றைச் செருகினார்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான் பையன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி தரையைத் தொட்டது. பெடலை என்னையே கையால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. முதலில் சும்மா இறங்கியது, பிறகு கனத்தது.

அடுத்த வாரம் மறுபடி ஏற்காடு. வண்டி முனகாமல் ஏறியது. கியர் மாற்றியதும் இடது காலை ரப்பர் விரிப்பில் வைத்துக்கொண்டேன். இரண்டு வளைவு போவதற்குள் அது தானாகப் பெடல் மேல் போய் உட்கார்ந்திருந்தது. எடுத்துக் கீழே வைத்தேன். இருபதாவது வளைவு வருவதற்குள் ஐந்து முறை அப்படி எடுத்து வைக்க வேண்டியிருந்தது.